முளை வாரி அமுதளித்த மாறனார்

காரைக்குடியிலிருந்து சிவகங்கை வழியாகத் தெற்கே செல்வோர், பரமக்குடியை எட்டுவதற்குச் சற்று முன்னர் இளையான்குடியைக் காண்பர். வானம் பார்த்த பூமி அது. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிடில் மிளகாயும் சிறுபயிர்களும் என்று மழையின் மனநிலைக்கு ஏற்ப வாழும் உழவர்கள் வாழும் மண். பள்ளிவாசல்களும் இராசேந்திர சோழீச்சரம் என்னும் சிவன் கோயிலும் ஓரூரில் அமைந்திருக்க, ஊரார் ஒரு வயலைச் சுட்டி, மாறனார் முளை வாரிய வயல் இதுவே என்று இன்றும் காட்டுகின்றனர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் இரவில் அவ்வயலில் நடந்தது ஒரு குடும்பத்தின் கதை. அடுப்பில் ஏற்ற ஒரு பிடி அரிசியும் இல்லாத வீட்டிற்கு முன்பின் அறியாத ஒருவர் வந்து சேர்ந்த கதை.

மாறனாரைப் பற்றிய முதற்குறிப்பு சுந்தரர் திருவாரூரில் பாடிய திருத்தொண்டத்தொகையில் உள்ளது. ஊரும் பேரும் மட்டுமே அங்குக் கிடைக்கின்றன. நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு பாடலை மாறனாருக்கு அளித்து, விதைத்த முளையை வாரியதையும், வீட்டின் கூரைக்கழியை விறகாக்கியதையும், இளம்பயிரைப் பறித்துக் கறியாக்கியதையும் அதனுள் அடக்கிவிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், சேக்கிழார் அதனை இருபத்தேழு பாடல்களாக விரித்தார். விரித்தபோது அவர் சேர்த்தவற்றுள் ஒன்று மிகப் பெரியது. நம்பியின் பாடலில் மாறனார் தனியே நிற்கிறார். அவர் மனைவி அங்கு இல்லை. பெரியபுராணத்தில்தான் அவ்வம்மையார் வாயிற்படிக்கு வருகிறார், பேசுகிறார், வழி சொல்கிறார். மாறனாரின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் இதனை மறந்துவிடலாகாது.

வேளாண் குடியிற் பிறந்த மாறனார் தொடக்கத்தில் பெருஞ்செல்வர். ஏரின் வருவாயால் நிறைந்த களஞ்சியம் அவருடையது. அந்நாளில் அவர் செய்த விருந்தோம்பலைச் சேக்கிழார் ஓர் ஒழுங்குடன் கூறுகிறார். வருபவரை எதிர்கொண்டு கைகூப்புதல், இன்சொல் கூறுதல், இல்லத்தினுள் அழைத்துச் செல்லுதல், காலை விளக்கி இருக்கை தருதல், பின்னர் நால்வகை உணவை அறுசுவையுடன் படைத்தல் என முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. செட்டிநாட்டு வீடுகளில் வழிநடையாக வந்தவரைத் திண்ணையில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்து, பின்னர் முகப்பைக் கடந்து உள்ளே அழைத்த பழக்கத்தை அறிந்தவர்க்கு இவ்வொழுங்கு புதிதன்று. உணவு கடைசியில்தான் வருகிறது. முகமும் சொல்லும் நீரும் இருக்கையும் அதற்கு முன்னரே வந்துவிடுகின்றன.

வந்தவர் யாவராயினும் சிவனடியார் என்னும் ஒரு தன்மையே போதும் என்று மாறனார் கொண்டார். குலமோ ஊரோ செல்வமோ அவர் வாசலில் கேட்கப்படவில்லை. அடியார் என்னும் அடையாளம் ஓர் எல்லைதான் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எல்லா வழிப்போக்கரும் அவ்வாசலில் இவ்வாறே வரவேற்கப்பட்டனரா என்பதற்குப் புராணத்தில் விடை தேட முடியாது. ஆயினும் அந்த எல்லைக்குள் ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லை என்பது, குலமும் தகுதியும் பார்த்தே இலை போட்ட ஒரு காலத்தில் சிறிய செய்தியன்று.

இனி அவர் வறியவரான பகுதி. செல்வத்தில் இருந்து கொடுப்பது எளிது. இல்லாமையிலும் இவர் கொடுக்க வல்லவர் என்பதை உலகறியச் செய்ய இறைவன் அவர் பொருளை மறைத்தான் என்பது புராணத்தின் விளக்கம். அவ்விளக்கத்தை ஏற்பவரும் ஏற்காதவரும் அதன்பின் வரும் காட்சியை அடையாளம் கண்டுகொள்வர். நிலம் சிறிது சிறிதாக விற்கப்பட்டது. கடன் ஏறியது. தம்மையே விற்றால்தான் தீர்க்க முடியும் என்னும் அளவிற்குக் கடன் பெருகியது. ஒரு வேளாளர் வீடு தேய்ந்து போகும் முறை இதுவே. மழை பொய்த்த ஆண்டுகளில் இந்தச் சீமை பல தலைமுறைகளாக இதனைக் கண்டிருக்கிறது. செல்வம் சுருங்கியது, மனம் சுருங்கவில்லை என்பதைச் சேக்கிழார் அழுத்திச் சொல்கிறார். ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. கூரை சரிந்த வீடு. களஞ்சியம் காலி. மாலையானால் சாத்தப்படும் கதவு. தெருவில் நடந்தவர் அதனைக் கண்டிருந்தால், இனி இங்கு யாரும் விருந்துண்ண முடியாது என்றே எண்ணியிருப்பர்.

அக்கதவுதான் மாரிக்காலத்து இரவொன்றில் திறந்தது.

அன்று அவ்வீட்டில் ஒருவரும் உண்டிருக்கவில்லை. உதவுவார் யாருமில்லை. பசியோடு கதவைச் சாத்திப் படுத்திருந்த வேளையில், கொட்டும் மழையில் நனைந்து ஓர் அடியார் வந்தார். வந்தவர் இறைவன் என்பதை நூலைப் படிப்பவர் அறிவர், மாறனார் அறியார். இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளாமல் இக்கதையைப் படித்தால் அதன் வலிமை போய்விடும். இருட்டில், மழையில், பெயர் தெரியாத ஒருவர். வேடத்தைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை.

வேடம் என்பதும் நம்பத்தக்க சான்றன்று. இதனை நன்கறிந்தவர் சேக்கிழார். சுந்தரர் வகுத்த வரிசையைப் பின்பற்றி அவர் மாறனாரை அடுத்து வைத்தது மெய்ப்பொருள் நாயனாரை. போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டினுள் வாளை மறைத்துக்கொண்டு மெய்ப்பொருளாரின் அரண்மனைக்குள் நுழைந்தான். வேடத்தை வணங்கிய மன்னர் அவ்வாளுக்கே இரையானார். ஒரு கதையில் அடியார் கோலத்திற்குள் இறைவன்; அடுத்த கதையில் அதே கோலத்திற்குள் கொலைஞன். வாசலில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு வரலாறுகளையும் சேர்த்துப் படிப்பவர்க்குத்தான் மாறனார் கதவைத் திறந்ததன் பொருள் முழுமையாக விளங்கும்.

தொலைவில் வேறொரு மக்களின் மறையிலும் இதே கதவு திறக்கிறது. யூதர்களின் முன்னோரான ஆபிரகாம், மம்ரே என்னுமிடத்தில், நண்பகல் வெயிலில் தம் கூடார வாயிலில் அமர்ந்திருந்தபோது மூன்று வழிப்போக்கரைக் கண்டு ஓடிச்சென்று வணங்கி அழைத்தார். நீர் தந்து கால் கழுவச் செய்தார், மரநிழலில் இருத்தினார், ஒரு துண்டு அப்பம் என்று சொல்லிவிட்டுக் கன்றை அடித்துச் சமைக்கச் செய்து, தயிரும் பாலும் சேர்த்துப் படைத்தார். பிற்காலத்து யூத அறிஞர்கள் இக்கதையின்மேல் அழகிய விளக்கங்கள் பலவற்றை எழுதினர். எத்திசையிலிருந்து வருபவரும் சுற்றி வர வேண்டாதபடி அவர் கூடாரம் நான்கு புறமும் திறந்திருந்தது என்றனர். வந்தவரைக் கால்தூசியை வழிபடும் பாலைவன மக்கள் என்று எண்ணியே அவர் முதலில் கால் கழுவச் சொன்னார் என்றும் கூறினர். அதாவது, தம் சமயத்திற்குப் புறம்பானவர் என்று கருதியும் அவர் அவர்களை விலக்கவில்லை. அம்மூவரும் வானவர் என்பது பின்னரே தெரிந்தது. விருந்தினரை உள்ளழைத்தலை யூதர்கள் ஹக்நாசத் ஓர்கிம் என்று ஓர் அறமாகவே பெயரிட்டு வைத்துள்ளனர். இறைவனின் திருமுன்னிலையை எதிர்கொள்வதினும் அது பெரிது என்பது அவர்தம் தல்மூத் நூலின் கருத்து. எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாமல் அந்நியரை நேசிக்க வேண்டும் என்று அவர்களின் சட்டம் கட்டளையிடுகிறது. பஸ்கா இரவின் உணவுக்கு முன்னர், பசித்தவர் எவராயினும் வந்து உண்க என்னும் அழைப்பை, மறைமொழியாகிய எபிரேயத்தில் அன்றி மக்கள் பேசிய அரமேய மொழியில் கூறுவதும் அவர்கள் வழக்கம். எலியா தீர்க்கதரிசி கந்தல் உடுத்த இரவலனாக வந்து வீட்டாரைச் சோதிக்கும் கதைகளும் அவர்களிடையே பல உண்டு. மாறனார் வீட்டுக்கு வந்தவரை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டிருப்பர். நாடிழந்து அலைந்த அம்மக்களுள் ஒரு பகுதியினர் சேரநாட்டுக் கரையில் இடம்பெற்றதும், ஏறத்தாழ கி.பி. 1000இல் பாஸ்கர ரவிவர்மன் அவர்களுள் ஒருவரான ஜோசப் ரப்பானுக்குச் செப்பேட்டில் எழுபத்திரண்டு உரிமைகள் அளித்ததும் வரலாறு.

இளையான்குடிக்குத் திரும்பலாம். கதவைத் திறந்த மாறனார் முதலிற் செய்தது வந்தவரின் மேனியில் இருந்த ஈரத்தைத் துடைத்தது. பின்னரே இடம் கொடுத்தார். உணவுக்கு வழியில்லை என்னும் கவலை அந்தத் துடைத்தலைத் தாமதப்படுத்தவில்லை. அதன் பிறகுதான் மனைவியிடம் சென்றார். வந்தவர் மிகப் பசித்திருக்கிறார். நம்மிடம் முன்னரே உணவில்லை. ஆயினும் இவருக்கு அமுதளித்தாக வேண்டும். என் செய்வது என்பது அவர் கேள்வி. கணவன் ஆணையிடவில்லை, கலந்துகொள்கிறான். சேக்கிழார் காட்டும் இல்லறத்தின் தன்மை இவ்விடத்தில் தெளிவாகிறது. மம்ரேயில் சாராள் கூடாரத்தினுள் இருந்தார். மூன்று படி மாவைப் பிசைந்து அப்பம் சுடுமாறு ஆபிரகாம் விரைந்து வந்து சொல்ல, அவர் செய்தார். இளையான்குடியில் வழி சொன்னதே மனைவி.

அம்மையார் சொன்னவற்றைக் கவனித்தால் அவை ஒரு குடும்பத்தலைவியின் கணக்காகவே அமைகின்றன. வீட்டில் ஒன்றுமில்லை. அயலார் இதுவரை தந்துவிட்டனர். இனித் தருவார் இல்லை. பொழுதும் மிகப் பிந்திவிட்டது. கேட்கச் செல்லவும் இடமில்லை. வரிசையாக எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்ட பின்னர், இன்று பகலில் விதைத்த நெல்முளை வயலில் இருக்கிறது, அதனை வாரிவர முடியுமானால் இயன்றபடி சமைக்கலாம், வேறு வழி அறியேன் என்று கூறி வருந்தினார். கடன் கேட்டு எத்தனை வீடுகளின் படியேறினார், எத்தனை முகங்களின் மாற்றத்தைக் கண்டார் என்பதெல்லாம் அச்சொற்களுக்குப் பின்னே இருக்கின்றன. கடன் வாங்குவது கணவன் பேரில் இருக்கலாம். அரிசிக்கு அயல்வீடு செல்வது மனைவியின் கால்களே.

விதைநெல்லை உண்பது என்பது உழவர்க்கு என்ன என்பதை நகரத்து வாசகர்க்குச் சற்று விளக்க வேண்டும். பஞ்சத்திலும் விதைக்கோட்டையை அவிழ்க்காத குடிகள் இந்நாட்டில் இருந்தன. விதை போனால் அடுத்த விளைச்சல் போயிற்று. அடுத்த விளைச்சல் போனால் கடனைத் தீர்க்கும் கடைசி நம்பிக்கையும் போயிற்று. அம்மையார் எடுத்துக் கொடுத்தது அன்றைய உணவை அன்று, வரும் ஆண்டை. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில், விருந்தினரை உண்பித்து மிஞ்சியதை உண்பவனின் நிலத்திற்கு விதையும் இடவேண்டுமோ என்று வியப்போடு வினவினார். மாறனார் வாழ்வில் நடந்தது அதற்கும் அப்பாற்பட்டது. இங்கு இட்ட விதையே திரும்ப எடுக்கப்பட்டது.

மாறனார் அதைக் கேட்டுத் தளரவில்லை. இழந்த செல்வத்தைத் திரும்பப் பெற்றவர் போல மகிழ்ந்தார் என்கிறது புராணம். பெரிய இறைகூடை ஒன்றைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டார். நள்ளிரவு, பெருமழை, ஆள் நடமாட்டம் இல்லை, கண்ணுக்கு வரப்பும் வழியும் தெரியவில்லை. காலால் தடவித் தடவி, நாள்தோறும் நடந்த பழக்கத்தைத் துணையாகக் கொண்டு வயலை அடைந்தார். வறியவராகியும் தம் வயலுக்கு வழியைக் கால் மறக்கவில்லை என்பதைச் சேக்கிழார் ஒரு சிறு குறிப்பில் உணர்த்திவிடுகிறார்.

இனி அவர் வாரிய முறை. ஊறவைத்து முளைகட்டிய விதையைச் சேற்று நாற்றங்காலில் தூவியிருந்தனர். வேர் பிடிக்காத முளை. மழைநீர் வயலில் நிரம்பியதும் மிதந்து நீரோட்டத்தின் போக்கில் ஒருபுறமாக ஒதுங்கும். எந்த உழவனுக்கும் அது பெரும் இழப்பு. விதைத்த நாளிலேயே பெருமழை வரக்கூடாது என்று வேண்டுவதும் இதனாலேயே. அவ்வாறு ஒதுங்கிய வெண்முளைகளைத்தான் மாறனார் கைகளால் அணைத்துக் கூட்டிக் கூடை நிறைய வாரினார். விதையைக் கெடுத்த மழையே வாரவும் வழி செய்தது. உழவு அறியாத கவிஞர் ஒருவரால் இக்காட்சியை இவ்வளவு நுட்பமாக அமைத்திருக்க முடியாது. சேக்கிழாரும் வேளாண் மரபினர் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.

அவர் திரும்பும்வரை மனைவி உள்ளே இருக்கவில்லை. வாயிற்படியில் நின்று வழி பார்த்திருந்தார். கூடையை வாங்கிச் சேறு போகக் கழுவினார். அடுத்த தடை வந்தது: அடுப்பெரிக்க விறகில்லை. மழைக்காலத்து நள்ளிரவில் காய்ந்த விறகுக்கு எங்கே போவது? இற்று விழும் நிலையில் இருந்த கூரைக்கழிகளை மாறனார் அறுத்துத் தந்தார். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும் வேளையில் வீட்டின் கூரையையே விறகாக்கிய செயலைச் சேக்கிழார் ஒரு பாட்டுக்குள் கடந்துவிடுகிறார். விரித்திருந்தால் இரக்கம் தேடியதாகியிருக்கும். விரிக்காமல் விட்டதே நன்று.

ஈரமுளையை அப்படியே குத்த முடியாது, உமி பிரியாது, அரிசி நசுங்கும். அம்மையார் அதனை வாணலியில் இட்டு ஈரம் போக வறுத்து, பின்னர்க் குத்தி அரிசியாக்கி உலையில் இட்டார். சோறு ஆயிற்று, கறிக்கு என் செய்வது என்று கேட்டார். மாறனார் மீண்டும் இருளில் கொல்லைக்குச் சென்றார். குழிகளில் இட்ட கீரைப்பயிர் குழி நிறையக்கூட வளரவில்லை. அந்த இளம்பயிரைத் தம் பாசத்தளையைப் பறிப்பவரைப் போலப் பறித்து வந்தார் என்பது சேக்கிழார் தரும் உவமை. உவமை சமயஞ் சார்ந்தது. செயல் மிக எளியது. விதையும் போயிற்று, கூரையும் போயிற்று, இப்போது கொல்லையும். அந்த ஒருவகைக் கீரையைக் கொண்டே அம்மையார் பல கறிகளை ஆக்கினார். இவ்விடத்தில் புராணம் அவருடைய கைத்திறத்தைத் தனியே குறிப்பிடத் தவறவில்லை. இல்லாமையைப் பல்வகையாக்கும் அத்திறம் ஏழை வீட்டுச் சமையலறையில்தான் முழுமை பெறுகிறது. செல்வர் வீட்டில் அறுசுவை படைத்த காலத்தில் அதற்குத் தேவை ஏற்படவில்லை.

தமிழ்ச் சமய இலக்கியத்தில் மழையிரவும் விருந்தும் இணைந்த மற்றொரு காட்சி திருக்கோவலூர் இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று முதலாழ்வார்கள் மூவரும் ஒருவருக்கொருவர் இடம் கொடுத்து நின்ற அந்த இரவிலும் இறைவன் இருளில்தான் வந்து நெருக்கினான். அங்கே பகிரப்பட்டது இடம் மட்டுமே. இங்கே அடுத்த ஆண்டின் வாழ்வு.

உணவு ஆயத்தமாயிற்று என்று மனைவி சொல்ல, மாறனார் உறங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பச் சென்றார். அழைத்த அளவில் அங்கு ஆள் இல்லை, சோதி எழுந்தது. கணவனும் மனைவியும் திகைத்து நின்றனர். பின்னர் உமையோடு விடைமேல் தோன்றிய இறைவன், மனைவியோடு தன் உலகை அடைந்து, குபேரன் நிதியேந்தி ஏவல் கேட்க இன்புற்றிருக்குமாறு மாறனாருக்கு அருளினான். இரவு முழுவதும் சமைத்த உணவை யார் உண்டார் என்பதை நூல் கூறவில்லை. வறுத்த முளையின் சோறும் பல கறிகளாகிய ஒரே கீரையும் இலையில் பரிமாறப்படாமலே அடுப்படியில் இருந்திருக்க வேண்டும்.

வீடுபேற்றை மனைவிக்கும் சேர்த்து வழங்கியதன் வாயிலாகச் சேக்கிழார், தாம் புதிதாகக் கொண்டுவந்த அந்தப் பாத்திரத்தை இறுதிவரை கைவிடவில்லை. ஆயினும் அவருக்குப் பெயர் சூட்டவில்லை. புனிதவதியார் என்று வழங்குவோர் உண்டு. நூலில் அவர் மனைவியார் மட்டுமே. இருபத்தேழு பாடல்களில் மிகத் தெளிவான அறிவோடு பேசுபவர் பெயரின்றி நிற்பது, பெரியபுராணத்தைப் பயில்வோர்க்குக் குறையாகவே தோன்றும். பிற்காலத்தில் புராணத்தை உரைநடையில் தந்த ஆறுமுக நாவலரும், விரிவுரை வகுத்த சி. கே. சுப்பிரமணிய முதலியாரும் கதையை உள்ளபடியே கொண்டு சென்றனர்.

மாறனாரின் குருபூசை ஆவணி மாதத்து மக நட்சத்திரத்தில் நிகழ்கிறது. அறுபத்துமூவர் திருவுருவங்கள் உள்ள சிவன்கோயில்களில் கைகூப்பிய கோலத்தில் அவர் வரிசையின் முற்பகுதியிலேயே நிற்பார். சிவகங்கைச் சீமையில் ஆவணி என்பது புழுதியுழவு முடிந்து வானத்தைப் பார்த்திருக்கும் காலம். விதைநெல் கோட்டையை விட்டு வெளியே வரும் காலமும் அதுவே. அந்நாளில் இளையான்குடிக் கோயிலில் அன்னம் படைக்கப்படுகிறது. வந்து அமர்பவரை எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னரே இலை போடப்படுகிறது.